காற்றுத் துப்பாக்கி எங்கள் வீடுகளுக்குக் காவல் ஆகாது: இரு மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஆட்சியர்கள், காவல் கண்காணிப்பாளர்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

போச்சம்பள்ளி வட்டத்தில், ஊரை விட்டு விலகி, மாந்தோப்புக்கு நடுவே கட்டிய வீட்டில் குடியிருக்கும் விவசாயி நான். இரவில் வீடு புகும் கொள்ளையருக்கு அஞ்சி, உரிமம் தேவைப்படாத ஏர் கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கியை வாங்கி வைப்பதைப் பற்றி எங்கள் பகுதிக் குடும்பங்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன. சிலர் வாங்கியும் விட்டார்கள். அந்தத் துப்பாக்கியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிர்வாகம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காகவும், அவர்கள் அதை நாடிப் போகும் காரணத்தை நீங்கள் நீக்க வேண்டும் என்று கேட்பதற்காகவுமே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. இந்த இரு மாவட்டங்களிலும் ஊர் என்பது ஓரிடத்தில் நெருங்கி நிற்கும் தெருக்கள் மட்டுமில்லை. நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, இரண்டு வீடு, மூன்று வீடு எனச் சிதறிக் கிடக்கும் கொட்டாய்களும் சேர்ந்ததுதான் ஊர். ஒரு கொட்டாய்க்கும் அடுத்த கொட்டாய்க்கும் இடையில் ஒரு மாந்தோப்போ, கேழ்வரகுக் கொல்லையோ, சில இடங்களில் ஓர் ஏரியோகூட இருக்கும். பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, அந்த வீடுகளில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்த தாயும் தந்தையும்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டபோதும், அதன்பின் 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பகுதியில் தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டபோதும், அந்தச் செய்திகளை எங்கள் கொட்டாய்களில் வேறு மாவட்டத்துச் செய்தியாக யாரும் கேட்கவில்லை. அதே தனிமை, அதே இருட்டு, அதே வயது இங்கும் இருக்கின்றன.

அந்த அச்சம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, மனிதன் கையில் பிடிக்க ஏதாவது தேடுவான். உரிமம் பெற்ற துப்பாக்கி எட்டாத உயரத்தில் இருக்கிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி குற்றம். ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், அடையாளச் சான்றைக் காட்டிப் பணத்தைக் கட்டினால் கைக்கு வந்துவிடுகிறது காற்றுத் துப்பாக்கி. எங்கள் பக்கத்து நகரம் ஒன்றின் கடையில், முதியவர் ஒருவருக்காக நானே விசாரித்தபோது, "லைசென்ஸ் வேண்டியதில்லை, வீட்டுப் பாதுகாப்புக்கு இதுவே போதும்" என்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலின் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதி உயிரோடு விளையாடுவது.

முதற்பாதியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினாலோ, குழலின் துளை 4.5 மில்லிமீட்டரை, அதாவது பழைய கணக்கில் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ அந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். இவ்விரு வரம்புகளுக்கும் உட்பட்டவற்றுக்குத்தான் உரிமம் தேவையில்லை. திருவிழாக்களிலும் மாங்கனிக் கண்காட்சியிலும் பலூன் சுடுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த இனம்தான் இது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ அரை கிராம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 20 ஜூல் ஆற்றலை அந்தக் குண்டுக்கு முழுமையாகக் கொடுத்தாலும் அது நொடிக்கு 280 மீட்டர் வேகத்தைச் சற்றே தாண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகள் பல அந்த உச்சத்தின் பாதியை ஒட்டித்தான் நிற்கின்றன. ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தூரத்துக்குச் சுடும் துப்பாக்கியின் ஆற்றல்கூட எட்டு ஜூலுக்குள்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்தை நம் ஊர்ப் பையன் ஒருவன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 ஜூல். உரிமம் பெற்று வைத்திருக்கும் பன்னிரண்டு 'போர்' (bore, குழலின் துளை அளவு) துப்பாக்கியின் ஒரு தோட்டாவில் வெளிப்படும் ஆற்றல் 2,000 ஜூலுக்கும் மேல்.

இந்த எண்களை நான் அடுக்குவது கணக்குக் காட்டுவதற்காக அன்று. இரும்புக் கம்பியோடும் கத்தியோடும் கூட்டமாக வந்து, கதவை உடைத்து, ஆளைக் கொல்வதற்கும் தயங்காத கொள்ளையனை இந்தத் துப்பாக்கி நிறுத்தாது என்பதை, அதை நம்பித் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் முதியவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக அடுக்குகிறேன். பனிக்காலத்தில் உடம்பைச் சுற்றிய கம்பளியும் தடித்த சட்டையும் அந்தக் குண்டின் வேகத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். துணியைத் தாண்டிச் சதைக்குள் போனாலும் அந்தக் காயத்தால் ஓடி வருபவன் அந்த இடத்திலேயே விழுந்துவிடமாட்டான். வலியும் கோபமும் ஏறிய நிலையில் இன்னும் இரண்டு எட்டு வைத்து வந்து சேர்வான்.

அப்போது இரண்டாவது குண்டுக்கு நேரம் ஏது? நம் கடைகளில் அதிகம் விற்கும் வகை, குழலை நடுவில் மடித்து, ஸ்பிரிங்கை அழுத்தி, ஒரே ஒரு குண்டை விரல் நுனியால் துளையில் வைத்து, மறுபடி நிமிர்த்தி, அதன் பிறகே சுட வேண்டிய வகை. மடிப்பதற்குக் கையில் நல்ல வலு வேண்டும். மூட்டுவலியோடு இருக்கும் அறுபத்தைந்து வயதுப் பெண்மணி அதைப் பகலில், நிதானமாக, நின்ற நிலையில் மடிப்பதே அரிது. நள்ளிரவில், கண் தெளியாத தூக்கத்தில், மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் மடித்துக் குண்டைத் தேடி வைப்பார் என்று எண்ணுவது எப்படி? முன்கூட்டியே மடித்துக் குண்டு போட்டு வைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். இரவெல்லாம் அழுத்தத்திலேயே கிடந்தால் ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்துவிடும்; அதைவிட முக்கியமாக, விசையை யார் தொட்டாலும் வெடிக்கும் நிலையில் ஒரு துப்பாக்கி வீட்டுக்குள் கிடக்கும். கரியமில வாயுக் குப்பியில் இயங்கும் கைத்துப்பாக்கிகளைச் சிலர் சிறந்ததென்று வாங்குகிறார்கள். அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் மூன்று ஜூல் அளவை ஒட்டியதே. பார்வைக்கு மட்டும் அவை போலீஸ்காரர் இடுப்பில் இருப்பதைப்போலவே இருக்கும். கொள்ளையன் கையில் கத்தி வைத்திருக்கும்போது எதிரில் உண்மையான துப்பாக்கி போன்ற ஒன்று நீட்டப்பட்டால், சிலர் ஓடுவார்கள். சிலர் தாம் சாவதற்கு முன் எதிரில் இருப்பவரை வெட்டுவார்கள். எந்த வகைக் கொள்ளையன் நம் வீட்டுக்கு வருவான் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.

கொள்ளையனை நிறுத்தப் போதாத இந்த ஆற்றல், வீட்டில் இருப்பவர்களைக் காயப்படுத்தப் போதும் என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு மனிதத் தோலைத் துளைக்க நொடிக்கு 100 மீட்டர் அளவிலான வேகம் போதும் என்று தடயவியல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சாதாரண ஏர் கன்னின் வேகம் அதைத் தாண்டியது. கண்ணைத் துளைக்க அதைவிடக் குறைந்த வேகமே போதும். விழிக்குள் புகுந்த ஈயக் குண்டால் போன பார்வையை எந்த மருத்துவராலும் முழுதாக மீட்டுத் தர இயலாமல் போகலாம். சிறு குழந்தையின் நெற்றிப் பொட்டில் மண்டையோடு மெல்லியது. அண்மையிலிருந்து பட்டால் குண்டு அதைத் தாண்டி உள்ளே போய்விடக்கூடும். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் கொட்டாய்க்கு வருகிறார்கள். தாத்தா வீட்டில் மாமரமும் கிணறும் மாடும் இருப்பதைப்போல இப்போது மூலையில் ஒரு துப்பாக்கியும் இருக்கிறது. அதைப் பூட்டி வை என்று அந்தத் தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதைக் கடையில் விளையாட்டுச் சாமான்போல எடுத்துக் கொடுத்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பதாக உறுதி எழுதித் தர வேண்டும். காற்றுத் துப்பாக்கி வாங்குபவரிடம் இந்த இரண்டில் எதையும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் இரவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போடுவதற்காக இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் டார்ச் விளக்கோடு கொல்லை வழியே நடப்பவர்கள் எங்களில் பலர். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்கள் விடிய விடிய வரப்பில் நடமாடுவார்கள். போச்சம்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆடு மாடு ஓட்டிக்கொண்டு விடியுமுன்னே புறப்படுபவர்கள் தோப்பு வழியாகவே போகிறார்கள். அச்சத்தில் விழித்த ஒருவர் ஜன்னல் வழியே நிழலைப் பார்த்துச் சுடும்போது, அந்த நிழல் பக்கத்துக் கொட்டாய் அண்ணனாக இருப்பதற்கே அதிக வாய்ப்பு.

அப்படி நடந்தபின் சட்டம் என்ன சொல்லும் என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்கவில்லை. உரிமம் தேவையில்லை என்பதை, சுட்டால் வழக்கு இல்லை என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு, சுடுவதற்கான எந்தக் கருவியாலும் காயம் ஏற்படுத்துவதைத் தனிக் குற்றமாக வைக்கிறது. அந்தக் கருவிக்கு உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று அது பார்ப்பதில்லை. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம்; அதற்கான தண்டனை ஆயுள் சிறைவரை நீளக்கூடியது. தற்காப்புரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். அதே சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அந்த உரிமையை விரிவாகவே தருகின்றன. சூரியன் மறைந்து விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுபவனிடமிருந்து உடைமையைக் காக்கும் உரிமை, தேவைப்பட்டால் அவன் உயிர் போகும் அளவுக்கும் நீளும் என்று 41-ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. தாக்கப்படுபவர் தம் எதிர்வினையைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2010-இல் தர்சன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்வதையும், காவல் துறையை அணுக அவகாசம் இருக்கும்போது தாமே இறங்குவதையும் 37-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வேலிக்கு வெளியே ஓடிக்கொண்டிருப்பவன் முதுகில் சுட்டதும், மாங்காய் பறிக்க வந்த சிறுவன் கண்ணில் பட்டதும் இந்த உரிமைக்குள் அடங்கா. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர எந்த முகாமும் எங்கள் கிராமங்களில் நடந்ததாக நான் அறியேன்.

இன்னொரு வழியிலும் வாங்குபவர்கள் குற்றத்துக்குள் நழுவுகிறார்கள். சாதாரணத் துப்பாக்கி போதவில்லை என்று தெரிந்ததும், ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தை ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொண்டுபோகிறார்கள்; அல்லது 5.5 மில்லிமீட்டர் துளையுள்ள துப்பாக்கியை எங்கிருந்தோ வரவழைக்கிறார்கள். 20 ஜூல் அளவைத் தாண்டிய நொடியிலோ 4.5 மில்லிமீட்டரைத் தாண்டிய நொடியிலோ அது உரிமம் வேண்டிய ஆயுதமாகிவிடுகிறது. பாதுகாப்புக்காகப் பணம் செலவழித்த மனிதர், தம்மை அறியாமலே ஆயுதச் சட்டத்தில் குற்றம் சாட்டப்படத் தக்கவராகிறார்.

வீட்டுக் காவலுக்கென்று வந்த துப்பாக்கி வீட்டுக்குள்ளேயே இருப்பதும் இல்லை. கொள்ளையன் எப்போதோ வரக்கூடும். குரங்கும் நாயும் மயிலும் தினம் வருகின்றன. மாம்பிஞ்சைக் கடிக்கும் குரங்கின் மேலும், நிலக்கடலையைக் கிளறும் மயிலின் மேலும் அந்தக் குண்டு முதலில் பாயும். மயிலைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக் குற்றம். காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்ட பிறகு, அஞ்செட்டி, உரிகம் பக்கத்து மக்களுக்கு இந்தச் சட்டத்தின் கை இன்னும் நெருக்கமாகிவிட்டது. அருணாசலப் பிரதேசத்தில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் காற்றுத் துப்பாக்கிகள் அழித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் அம்மாநில அரசு ஓர் ஒப்படைப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தாமாகவே மக்கள் கொண்டுவந்து கொடுத்த துப்பாக்கிகள் 2,000-ஐத் தாண்டின. அந்த நிலைக்கு நம் மலையோரம் போவதற்கு முன்பே தடுக்க முடியும்.

இத்தனையும் சொன்ன பிறகு, காற்றுத் துப்பாக்கியைத் தடை செய்யுங்கள் என்று கேட்பதோடு இந்த மடலை முடித்திருந்தால் அது பாதி நேர்மையாகத்தான் இருந்திருக்கும். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. என் கேள்வி, ஒரு மூத்த தம்பதியரை அந்தக் கடை வாசலுக்கு அனுப்பியது எது என்பதுதான்.

அவர்களுக்கு உரிமம் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய மென்துளைத் துப்பாக்கியை (குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பது) பாதுகாப்புக்காகவும், குழலின் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்காகவும் கேட்கும் குடிமகனை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில் தனியாகவே பெயர் சொல்லி நினைத்துப் பார்த்திருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்தால் மட்டும் யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிப் பதிய வேண்டும் என்றும், மேல்முறையீடு செய்யலாம் என்றும் சட்டம் சொல்கிறது. காவல் துறை அறிக்கைக்கும் உரிமம் வழங்கும் அதிகாரியின் முடிவுக்கும் 2016-ஆம் ஆண்டு விதிகள் காலவரம்பு வைத்திருக்கின்றன. இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் மனுவைக் கொடுத்துவிட்டு, அது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறதா காவல் நிலையத்தில் இருக்கிறதா என்றே தெரியாமல் காத்திருந்து, கடைசியில் விட்டுவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 'இல்லை' என்று எழுத்தில் வந்திருந்தால்கூட அவர் வேறு வழியை முறையாக யோசித்திருப்பார். பதிலே வராத இடத்தில்தான் கடைக்காரரின் பேச்சு எடுபடுகிறது.

எல்லாக் கொட்டாயிலும் துப்பாக்கி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு மாவட்டத்தில் வாழ எனக்கு விருப்பமும் இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளும் காவல் நிலையத்துக்குப் போய்விடுகின்றன. அந்த வாரங்களில் கொள்ளையருக்கு விடுமுறை கிடையாது. ஆகவே, துப்பாக்கியை மட்டுமே நம்பிய பாதுகாப்பு எப்படியும் குறையுள்ளதுதான். வீரப்பன் காலத்தையும் அதற்கு முந்தைய தருமபுரியின் கலவரமான ஆண்டுகளையும் கண்ட இந்த நிலத்தில், துப்பாக்கி என்று கேட்டதும் அலுவலகங்கள் எச்சரிக்கையாவதன் காரணமும் எனக்குப் புரிகிறது. வனத்துறையும் காவல் துறையும் மலைக் கிராமங்களில் கூட்டம் போட்டு, உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்பவர்கள் மேல் வழக்கு இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்ட முறை நல்ல முறை. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்ட அதே கூட்டத்தில், இனி உங்கள் இரவுக்கு நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இரவுக்குச் செய்யக்கூடியவை அரிதானவை அல்ல. நகரத் தெருக்களில் ரோந்துக் காவலர் வந்துபோனதற்கு அடையாளமாகக் கையெழுத்திடும் பட்டா புத்தகம் வைத்திருக்கிறார்கள். கொட்டாய்களில் அதைக் காண்பது அரிது. ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் தனித்து நிற்கும் வீடுகள் எவை, அவற்றில் முதியவர்கள் மட்டும் இருப்பவை எவை என்ற பட்டியல் கிராம நிர்வாக அலுவலரின் உதவியோடு எளிதில் தயாராகும்; அந்த வீடுகளில் பட்டா புத்தகத்தை வைத்து, நள்ளிரவுக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஒரு ரோந்து வண்டி வந்து கையெழுத்திட்டுப் போனால், அந்த வண்டியின் வெளிச்சம் தோப்பில் விழுவதே பத்துக் காற்றுத் துப்பாக்கி செய்யாத வேலையைச் செய்யும். தினம் வர முடியாவிட்டாலும், என்றைக்கு வரும் என்று கொள்ளையர் கணிக்க முடியாதபடி வந்தால் போதும். நோட்டம் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

112 என்ற எண்ணையும் 'காவல் உதவி' செயலியையும் அரசு தந்திருக்கிறது. அஞ்செட்டி மலைப்பக்கத்திலும் பெட்டமுகிலாளத்திலும் வத்தல்மலை, சித்தேரிப் பக்கங்களிலும் அலைபேசிக்குச் சிக்னல் எட்டாத வீடுகளில் இந்த இரண்டாலும் பயனில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு, விசையைத் தட்டினால் அடுத்த கொட்டாய்வரை கேட்கும் சைரன் ஒன்றைப் பொருத்த ஊராட்சி நிதியில் வழி செய்ய முடியுமா என்று ஆட்சியர்கள் ஆராய வேண்டும். அந்த ஒலி கேட்டால் யார் யார் எந்த வழியாக வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் நான்கு கொட்டாய்கள், ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருக்கும் நான்கு கொட்டாய்களைவிட வலிமையானவை என்பது என் உறுதியான எண்ணம். கொட்டாய்ப் பாதை பிரியும் இடத்தில் ஒரு சூரிய விளக்கு, பின்கதவுக்கு உள்ளிருந்து போடும் இரும்புத் தாழ்ப்பாள், மொட்டை மாடிப் படிக்கு ஒரு கிரில் கதவு, இவற்றில் எது எந்த வீட்டுக்கு வேண்டும் என்று நேரில் வந்து பார்த்துச் சொல்ல ஒரு காவலர் ஒதுக்கும் அரை மணி நேரம், துப்பாக்கிக்குக் கொடுக்கும் பணத்தைவிட மதிப்புள்ளது. நாய்க்கு விஷம் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதால், கொட்டாயில் நாய் திடீரென்று செத்துப்போனால் அதையும் காவல் நிலையத்தில் தகவலாக ஏற்று அந்த வாரம் ரோந்தைக் கூட்ட வேண்டும். இப்போது அதைச் சொல்லப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்களோ என்று எங்கள் ஆட்கள் போவதே இல்லை.

கடைகளைப் பொறுத்தவரை நீங்கள் செய்ய வேண்டியது உடனடியானது. இரு மாவட்டங்களிலும் காற்றுத் துப்பாக்கி விற்கும் கடைகளை ஆய்வு செய்து, வாங்குபவரின் அடையாளமும் முகவரியும் பதிவேட்டில் முறையாக இருக்கின்றனவா, விற்கப்படும் துப்பாக்கியின் ஆற்றலும் துளையும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு ஏற்றது என்று சொல்லி விற்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தத் துப்பாக்கி கண்ணைப் பறிக்கும், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும், மனிதர் மேலோ விலங்கின் மேலோ சுட்டால் வழக்கு உண்டு, ஸ்பிரிங் மாற்றினால் உரிமம் இல்லாத ஆயுதமாகிவிடும் என்ற நான்கு செய்திகளைத் தமிழிலும், ஓசூர்ப் பக்கத்துக்காகத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிய தாளை ஒவ்வொரு துப்பாக்கியோடும் கொடுக்கச் செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களைக் குற்றவாளிகளைப்போல நடத்த வேண்டாம், அவர்கள் பயந்தவர்கள். வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க விரும்புபவர்களிடமிருந்து, நாட்டுத் துப்பாக்கிக்குச் செய்ததைப்போலவே, கேள்வி கேட்காமல் பெற்றுக்கொள்ள ஓர் இடத்தையும் நாளையும் அறிவியுங்கள்.

உரிமம் கேட்டு நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை, எந்த நிலையில் எவ்வளவு காலமாக இருக்கின்றன என்பதை இரு ஆட்சியர்களும் வெளிப்படையாக அறிவித்து, விதிகள் சொல்லும் காலத்துக்குள் ஆம் என்றோ, காரணத்தோடு இல்லை என்றோ எழுத்தில் பதில் தரும்படி உத்தரவிட வேண்டும். உயிருக்கு உண்மையான ஆபத்து இருப்பவர், தனித்த வீட்டில் இருப்பவர், பயிற்சி பெறவும் பூட்டி வைக்கவும் தயாராக இருப்பவர் என்றால், அவர் சிறு விவசாயி என்பதால் அவருடைய மனு கட்டின் அடியில் போய்விடக் கூடாது.

அடுத்து நடக்கவிருக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும், தோட்டத்து வீடுகளின் இரவுப் பாதுகாப்பைத் தனிப் பொருளாகச் சேர்த்து, காவல் கண்காணிப்பாளர்களையோ அவர்கள் சார்பில் முடிவெடுக்கக்கூடிய அதிகாரியையோ வரவழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டா புத்தகம் எந்தக் கொட்டாய்களில் எந்தத் தேதிக்குள் வைக்கப்படும் என்பதை அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பிலேயே எழுதுங்கள். எங்கள் பகுதியில் தனித்திருக்கும் வீடுகளின் பட்டியலைத் தயாரிக்கக் கிராம நிர்வாக அலுவலரோடு நடந்து வர நானும் என் அண்டைக் கொட்டாய்க்காரர்களும் தயாராக இருக்கிறோம். நாளைக் குறித்துச் சொல்லியனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
போச்சம்பள்ளி வட்டத்து மாந்தோப்பு விவசாயி ஒருவர்